தரையிலிருந்து எழ மாதம் 1,200 ரூபாய்

பெயரைச் சொல்லாமல் ஒரு இடத்தைப் பற்றி விமர்சனம் எழுதுவது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனால் முதியவர்களுக்கான இந்த உடற்பயிற்சி வகுப்பை நடத்தும் பெண்ணே சொல்லிவிட்டார்: "எழுதுறதுன்னா எழுதுங்கப்பா, பேரு மட்டும் போடாதீங்க. பதினாலு பேருக்கு மேல என்னால பார்க்க முடியாது. இப்பவே ஒன்பது பேரு காத்துக்கிட்டு இருக்காங்க." ஆகவே திருச்சியில் பொன்மலைப்பட்டிப் பக்கம், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், காலை ஆறரை முதல் ஏழரை வரை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடத்துகிறவர் பிசியோதெரபி படித்தவர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது. வருகிறவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். மாதம் 1,200 ரூபாய். சேரும்போது பரிசோதனைக்கு 300 தனி.

எனக்கு 71 வயது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். (ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த ஒர்க்‌ஷாப். இதைச் சொல்லாமல் பொன்மலைக்காரன் எவனும் பேச்சை ஆரம்பிக்க மாட்டான்.) சர்க்கரை, ப்ரஷர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. தினமும் காலையில் ஜி கார்னர் மைதானத்தில் நாற்பது நிமிடம் நடப்பேன். டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். அதனால் உடம்பு விஷயத்தில் நான் பாஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 பங்குனியில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் இறந்துபோனார். வாசலில் பந்தல், ஜமக்காளம். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முப்பது வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டவனுக்காகத் தரையில் உட்காராவிட்டால் எப்படி என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். எடுக்கிற நேரம் வந்தது, எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. வலி என்றாலாவது சொல்லிக்கொள்ளலாம். வலியே இல்லை. எம்பினால் தொடை எனக்கென்ன என்று கிடந்தது. கையை ஊன்றிப் பார்த்தேன், பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் இரண்டு பையன்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். "தாத்தாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். ஒரு நிமிடம் மொத்தக் கூட்டமும் இறந்தவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

அதற்கப்புறம் நான் துக்க வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அந்த நண்பனின் பதினாறாம் நாளுக்கே போகவில்லை. மச்சினன் பேத்திக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து வைத்தார்கள். அங்கே தரையைத் தவிர உட்கார வேறு இடம் கிடையாது, அதற்கும் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மூட்டு வலி என்று ஒரே பொய். மைதானத்துப் பெஞ்சில் உட்காரும் நாலு பேரிடமும் பேச்சு குறைந்தது. நாலு பேருமே அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்கள். மத்தியானம் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு, காரணமில்லாமல் எரிச்சல். "நீங்க வீட்டுக்குள்ளேயே கெடந்தா எனக்குத்தான் ப்ரஷர் ஏறுது" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் ஒட்டியிருந்த இந்த வகுப்பின் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்ததும் அவள்தான்.

நேராக இங்கே வந்துவிடவில்லை. முதலில் பூங்காவில் போட்டிருக்கும் மஞ்சள், நீல இயந்திரங்களில் ஒரு மாதம் ஏறி இறங்கினேன். காசில்லாமல் கிடைப்பதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் கால் வீசும் இயந்திரத்தில் பேரிங் போய்விட்டது, கடகட சத்தம். கிரீஸ் வைத்தால் பத்து நிமிட வேலை என்று எனக்குக் கை அரித்ததுதான் மிச்சம். பெரிய குறை வேறு. அவற்றில் சுமையைக் கூட்ட வழியில்லை. முதல் நாளும் முப்பதாம் நாளும் ஒரே எடை, உன் உடம்பு எடை. அப்புறம் ஒரு ஜிம்மில் ஒரு வாரம். பாட்டுச் சத்தத்தில் பையன் சொல்வது காதில் விழாது. மூன்றாம் நாள் எனக்கு ப்ரோட்டீன் பவுடர் விற்கப் பார்த்தான். விட்டுவிட்டேன்.

இங்கே சேர்ந்த அன்று உடற்பயிற்சி எதுவும் இல்லை, அளவெடுப்பு மட்டும்தான். சுவரோடு ஒட்டிப் போட்ட கை இல்லாத இரும்பு நாற்காலி. உயரம் 43 சென்டிமீட்டர், பழக்க தோஷத்தில் நானே டேப் வைத்துப் பார்த்தேன். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறார். எழுபதைத் தொட்ட ஆணுக்கு 12-க்குக் கீழே போனால் சராசரிக்கும் குறைவு. நான் 8. அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடி ஆனாலே விழும் அபாயம் உண்டு என்று கணக்காம். எனக்கு 13.8. மூன்றாவது, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து, கயிற்றில் நிற்பதுபோல் 10 வினாடி நிற்பது. நாலாவது வினாடியில் சுவரைப் பிடித்தேன்.

"தினம் நாப்பது நிமிஷம் நடக்கிறவன்மா நான்" என்றேன்.

"நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் அது நல்லதுப்பா, விட்டுடாதீங்க. ஆனா தொடைக்கு அது பத்தாது" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை ஒரு அட்டையில் தமிழில் எழுதி மாட்டியிருக்கிறார். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை மாதிரியான பயிற்சி, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, மூன்று நாளாவது நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. இத்தனை வருடமாக நான் இதில் முதல் வரியை மட்டும் கேட்டிருக்கிறேன். டாக்டர்களும் முதல் வரியை மட்டுமே சொல்லியிருக்கிறார்கள்.

வயசான காலத்தில் எடை தூக்குவதா என்று முணுமுணுப்பவர்களுக்கு அவர் ஒரு கதை வைத்திருக்கிறார். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 90. கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பத்தே பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி என்பதையும் அவரே சொல்லிவிடுவார், அது எனக்குப் பிடித்தது.

வகுப்பில் என்ன செய்கிறோம்? பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. முதலில் எல்லோருக்கும் ப்ரஷர் பார்ப்பார். 180-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு நாற்காலியில் வேடிக்கைதான். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்தவரை இரண்டு பிஸ்கட் தின்ன வைத்த பிறகே விடுவார். அப்புறம் நாற்காலியில் எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு கால் நீட்டுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. பட்டை மஞ்சளில் ஆரம்பித்து சிவப்பு, பச்சை, நீலம் என்று போகப் போகக் கனக்கும். பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த நிறம். மணல் பையும் அரைக் கிலோவிலிருந்து ஏறும். பூங்காவில் இல்லாதது இதுதான்.

எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். பதினாலு கிழடுகள் ஒன்று, இரண்டு என்று கத்துவது முதலில் எனக்கு எல்.கே.ஜி. மாதிரிதான் பட்டது. விஷயம் என்னவென்றால், வாயை மூடிக்கொண்டு முக்கினால் மூச்சு அடைபட்டு ப்ரஷர் எகிறும். சத்தமாக எண்ணுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. இவ்வளவு சுலபமான பாதுகாப்பு ஏற்பாட்டை நான் ஒர்க்‌ஷாப்பில்கூடப் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம்தான் தரைக்கு இறக்கினார், அதையும் கடைசிப் படியில் ஆரம்பித்துத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் நாற்காலியைப் பிடித்து ஒற்றைக்கால் மண்டியிலிருந்து எழுவது மட்டும். அது வந்தபிறகு தவழும் நிலையிலிருந்து மண்டிக்கு. கடைசியாகத்தான் படுத்த நிலையிலிருந்து. முழுசாகச் செய்தால் இப்படி வரும்: ஒருக்களித்துப் படுத்து, மேல் கையைத் தரையில் ஊன்றி, கீழ்ப்பக்கத்து முழங்கையால் தள்ளி, சாய்ந்து உட்கார வேண்டும். அங்கிருந்து திரும்பித் தவழும் நிலை. தவழ்ந்து நாற்காலிக்குப் போய் இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்குச் சாய்ந்து தள்ள வேண்டும். அன்றைக்குப் பந்தலில் நான் சம்மணத்திலிருந்து நேராக எம்பப் பார்த்தேன். ஜாக்கி வைக்கும் இடம் தெரியாமல் ரயில் பெட்டியைத் தூக்கப் பார்த்த கதை.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, நாற்காலி இல்லாமல், என் முட்டியிலேயே கையை ஊன்றி எழுந்தேன். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அப்போது தரையில் இருந்தார்கள்.

என் மனைவி மூன்றாவது மாதம் சேர்ந்தாள். 30 வினாடிச் சோதனையில் முதல் நாளே 13. எப்படி என்று எனக்கு ஆச்சரியம், பிசியோதெரபிஸ்டுக்கு இல்லை. "அம்மா வீட்டுல எங்க உட்கார்ந்து காய் நறுக்குறாங்க?" என்று கேட்டார். தரையில், அரிவாள்மனையில். நாற்பத்தைந்து வருடமாகத் தினம் இருபது முறை தரையில் உட்கார்ந்து எழுகிறாள். நான் அவளுக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மூளைக்கும் காலுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி உண்டு. நடந்துகொண்டே நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்ல வேண்டும், அல்லது அவரவருக்குத் தெரிந்த எதையாவது வரிசையாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற டீச்சரம்மா மாவட்டங்களைச் சொல்வார். நான் ஸ்டேஷன்களைச் சொன்னேன்: ஸ்ரீரங்கம், உத்தமர்கோவில், வாளாடி... வாளாடியில் நான் நின்றுவிட்டேன். உண்மையிலேயே நின்றுவிட்டேன். அடுத்த ஸ்டேஷன் லால்குடி என்று யோசிக்கிற நேரத்தில் கால் தானாக நின்றுபோயிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. பேசினால் நடை நிற்கிறவர்கள் விழ வாய்ப்பு அதிகம் என்றார் அவர். ரோட்டில் யாராவது கூப்பிட்டால் திரும்புகிறோம், போன் அடித்தால் பாக்கெட்டைத் தடவுகிறோம், அந்த நேரத்தில்தான் தடுக்குகிறது. இப்போது அரியலூர் வரைக்கும் நிற்காமல் போகிறேன்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். சேரும்போதே ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் பதினைந்து கேள்விகள் கொண்ட தாள் ஒன்று கொடுப்பார். முதியவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவதாம். தமிழ் கொஞ்சம் கல்லும் முள்ளுமாகத்தான் இருந்தது. வெளியே போவதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டேன். ரயில்வேயில் மெடிக்கலுக்குப் போனவன் எவன் கண்ணு மங்கல் என்று சொல்வான்? எனக்கு வந்த மதிப்பெண் 2. ஐந்தைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பரீட்சை இல்லப்பா. நான் டாக்டரும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அதே தாள் திரும்ப வந்தது. இந்த முறை உண்மையை எழுதினேன். 6. உடம்பு தேறிய பிறகு மதிப்பெண் மோசமானது நான் ஒருத்தன்தான் என்று வகுப்பில் இன்னும் கேலி. முதல் நாள் உண்மையைச் சொல்லியிருந்தால் பத்துக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனேன். ஒரு மாதம் தூங்கும் நேரத்தை ஒழுங்கு செய்யச் சொன்னார், மாத்திரை தேவைப்படவில்லை. டீச்சரம்மாவுக்கு என்னைவிட அதிகம். அவரை அனுப்பிப் பார்த்ததில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மாத்திரை போட்டதும் ஆளே மாறிவிட்டார். அவரே எல்லோரிடமும் சொல்வதால்தான் எழுதுகிறேன். சோர்வெல்லாம் வயசுக் கோளாறு என்று அவர் மகன் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஆனால் என் மனசைத் தேற்றியது தாள் இல்லை. வகுப்பு முடிந்ததும் எதிர்க் கடையில் சர்க்கரை இல்லாத டீயோடு அரை மணி நேரம் உட்காருகிறோமே, அதுதான். கட்டணத்தில் அது சேராது. அங்கே யாரும் என் பிள்ளை அமெரிக்காவில் என்று ஆரம்பிப்பதில்லை. இன்றைக்கு நீலப் பட்டை வந்ததா, ஒற்றைக்காலில் எத்தனை வினாடி, இதுதான் பேச்சு.

குறைகள். முதல் குறை, முகூர்த்தம். நான் சேர்ந்தது ஆடி மாதம், ஒரு வகுப்பும் தவறவில்லை, அடடா என்று இருந்தேன். ஆவணி பிறந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே சாம்பார் வாசனை, வகுப்பு இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று நாள் வைத்திருந்தார்கள், முகூர்த்தம் வருவதும் அந்த நாட்களில்தான். பன்னிரண்டு வகுப்பில் ஏழுதான் நடந்தது, கட்டணம் குறையவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும்தான் எங்களுக்குச் சீசன். செவ்வாயும் சனியும் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அந்த நாளில் வையுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி, இந்த வருடம் தை மாதத்திலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று மாற்றிவிட்டார். இப்போது வியாழன் மட்டும்தான் தகராறு.

இரண்டாவது, தரை. பளபளவென்று டைல்ஸ். கல்யாணத்துக்கு மறுநாள் போனால் எங்காவது ஒரு பாயசப் பிசுக்கு காத்திருக்கும். விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்பில் நானே ஒருநாள் சறுக்கி, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துத் தப்பித்தேன். அதற்கப்புறம்தான் ரப்பர் விரிப்பு வாங்கினார். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்திருக்கும், வெறுங்காலோடு விடக் கூடாது என்று மண்டபத்துக்காரரிடம் சண்டை போட்டு, சுத்தமான ஷூ போட அனுமதி வாங்கியதும் அவர்தான். கழிப்பறையில் மட்டும் இன்னும் கைப்பிடி இல்லை. முட்டி ஆபரேஷன் செய்தவர்கள் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாவது என் சொந்த எரிச்சல். கடைசி ஐந்து நிமிடம் சிரிப்புப் பயிற்சி. 1995-இல் மும்பைப் பூங்காவில் ஒரு டாக்டர் ஐந்து பேரோடு ஆரம்பித்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது என்று சொல்கிறார்கள், பரவட்டும். காரணமில்லாமல் ஹா ஹா என்று கையை விரிக்க எனக்கு வரவில்லை. அந்த நேரத்தில் நான் நாற்காலிகளை அடுக்குவேன். மனைவிக்கு அதுதான் பிடித்த பகுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பென்ஷன் வாங்குகிறவனுக்கு 1,200 ரூபாய் பெரிய தொகை இல்லை. எதிர்க் கடையில் இட்லி சுடும் அம்மாவுக்கு 66 வயது, எங்களையெல்லாம்விட அவருக்குத்தான் இடுப்பு வலி அதிகம். அவருக்குக் காசும் இல்லை, ஆறரை மணிக்கு நேரமும் இல்லை. வகுப்பு நடத்துகிறவர் இரண்டு பேரைக் காசு வாங்காமல் சேர்த்திருக்கிறார் என்பது உண்மை. இட்லிக் கடை நேரத்துக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது என் கணக்கு: 30 வினாடியில் 14, மூன்று மீட்டர் போய்வர 9.6 வினாடி, கோடு போல நிற்பது 10 வினாடியும் தாண்டுகிறது. இந்த ஆனியில் இன்னொரு நண்பர் போய்ச் சேர்ந்தார். நாற்காலி இருந்தும் ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்தேன். எடுக்கும்போது எழுந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தேடுகிறவர்கள், முதல் நாளே அளவெடுக்கிறார்களா, எடை படிப்படியாகக் கூடுகிறதா, தரையிலிருந்து எழச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். சிரிப்பு மட்டும் என்றால் வீட்டிலேயே சிரித்துக்கொள்ளலாம். நெஞ்சு வலி வந்தவர்கள், புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் சேர வேண்டாம். இங்கேயும் டாக்டர் சீட்டு இல்லாமல் சேர்ப்பதில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். எங்கள் இடத்தைக் கண்டுபிடித்து வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் பிடிமானமுள்ள ஷூவும் கொண்டுவாருங்கள். வியாழக்கிழமை என்றால் கிளம்புவதற்கு முன் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.